தாழ்கோணம் ஓர் அகராதிச் சொல் அன்று

தாழ்கோணம் எனில் அதிகாரம். உயர்கோணம் எனில் பலவீனம். கண்மட்டம் எனில் சமத்துவம். கேமரா சற்றே சாய்ந்திருந்தால் மனக்குழப்பம். தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களின் இதழியல், காட்சித் தொடர்பியல் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகளில் இந்த நான்கு சமன்பாடுகளும் இல்லாத இரண்டாம் இயலைக் காண்பது அரிது. மூன்றாம் இயலில் அவை குறியீட்டுப் படிவமாகின்றன. நான்காம் இயலில் விழுக்காட்டு அட்டவணையாகின்றன. ஐந்தாம் இயலில், மாமியார் பாத்திரம் அதிகாரம் மிக்கவராகச் சித்திரிக்கப்படுகிறார் என்ற கண்டுபிடிப்பாக வெளிவருகின்றன. தொடரை ஒரு வாரம் பார்த்த எவருக்கும் அட்டவணை இல்லாமலே தெரிந்த செய்தி அது.

எண்ணுவதில் குற்றமில்லை. ஆனால் எண்ணப்படும் அலகுக்குத் தனக்கென ஒரு பொருள் இருந்தாக வேண்டும். கோணத்துக்கு அப்படி ஒரு பொருள் இல்லை. இச்சமன்பாடுகளைத் தொடக்கநிலை மாணவருக்கான எளிமைப்படுத்தல் என்று சொல்லித் தப்பிக்கவும் இயலாது. எளிமைப்படுத்தப்பட்ட உண்மை விரிவுபடுத்தினால் முழுமையாகும். இவை விரியுந்தோறும் பொய்க்கின்றன. அதைவிடப் பெருங்கேடு, கேமரா பாத்திரங்களுக்கு உண்மையில் என்ன செய்கிறது என்பதை இவை ஆய்வாளரின் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகின்றன.

மொழியியல் முதலாண்டு மாணவர் அறிந்த ஓர் ஒப்புமை இங்கே உதவும். தமிழில் 'நீ' என்பது மரியாதைக் குறைவு என்று அகராதி முறையில் சொல்லிவிடலாம். வேலையாளிடம், சிறுவனிடம், சண்டையில் எதிராளியிடம் 'நீ' வருகிறது. ஆனால் தாயிடமும் வருகிறது, காதலியிடமும் வருகிறது, இறைவனிடமும் வருகிறது. தேவாரத்தில் 'நீ' எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, நாயன்மார் சிவனை மதிக்கவில்லை என்று ஒருவர் முடிவுரை எழுதினால் எந்த நெறியாளரும் கையெழுத்திட மாட்டார். யார் யாரிடம் சொல்கிறார், அதற்கு மறுமொழியாக எந்தச் சொல் திரும்பி வருகிறது என்பவற்றைப் பொறுத்தே அச்சொல் அதிகாரமாகவோ அணுக்கமாகவோ ஆகிறது என்பது, ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பாடநூல் அறிவு. அதே பல்கலைக்கழகத்தில், இரண்டு கட்டடம் தள்ளியிருக்கும் துறையில், தாழ்கோணத்தை எண்ணி அதிகாரத்தை அளந்த ஆய்வேட்டுக்கு மட்டும் முனைவர் பட்டம் கிடைத்துவிடுகிறது.

திரைப்படத்துக்கு 'இலக்கணம்' உண்டு என்ற பேச்சுத்தான் இந்த மயக்கத்தின் வேர். அதைக் கிறிஸ்தியான் மெட்ஸ் 1964லேயே கேள்விக்குட்படுத்திவிட்டார். திரையில் ஒரு துப்பாக்கியின் அண்மைக் காட்சி 'துப்பாக்கி' என்னும் சொல்லுக்கு ஈடன்று. 'இதோ ஒரு துப்பாக்கி' என்னும் கூற்றுக்கே ஈடு என்பது அவருடைய வாதம். காட்சித்துண்டுகள் கூற்றுகள் என்றால் அவற்றுக்கு அகராதி எழுத முடியாது, கூற்றுகள் முடிவிலி. இந்த ஆய்வேடுகளில் பலவும் மெட்ஸின் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. சொல்லிவிட்டு, அடுத்த பத்தியிலேயே அகராதியைத் திறக்கின்றன. குந்தர் கிரெஸ், தியோ வான் லியூவன் ஆகியோரின் 1996ஆம் ஆண்டு நூலுக்கும் இதே கதி. செங்குத்துக் கோணம் அதிகார உறவோடும், கிடைக்கோணம் ஈடுபாட்டோடும் தொடர்புறும் என்று அவர்கள் எழுதியது உண்மை. ஆனால் ஹாலிடே மரபில் வந்த அவர்கள் பேசியது பொருள் கொள்ளும் வாய்ப்புகளைப் பற்றி. வாய்ப்பைப் பொருளாக்கியது நம் படிவங்கள். அவர்கள் சமமான கவனத்தோடு விவாதித்த கிடைக்கோணம் நம் படிவங்களில் பெரும்பாலும் ஒரு கட்டமாகக்கூட இடம்பெறுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாழ்கோணத்தின் புகழ்பெற்ற முன்மாதிரியே இச்சமன்பாட்டை முறிக்கிறது. 1941இன் 'சிட்டிசன் கேன்' படத்தில், ஆளுநர் தேர்தலில் தோற்றபின் வெறிச்சோடிய பிரசார அலுவலகத்தில் கேன் நிற்கிறார். குடித்துவிட்டு வந்த நண்பன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறான். கேனின் வீழ்ச்சி தொடங்கும் இடம் அது. அக்காட்சிக்காகத் தளத்தின் தரையையே உடைத்துக் கேமராவைக் கீழிறக்கினார்கள். படத்தின் மிகத் தாழ்ந்த கோணங்கள் அங்கேதான் வருகின்றன. படிவத்தின்படி கேன் அப்போதுதான் உச்ச அதிகாரத்தில் இருக்க வேண்டும்! டேவிட் போர்ட்வெல்லும் கிறிஸ்டின் தாம்சனும் தங்கள் பாடநூலில் இந்தக் காட்சியைச் சுட்டியே, சட்டகத்துக்கு நிலையான பொருள் கிடையாது என்று மாணவர்களை எச்சரிக்கிறார்கள். அந்தப் பாடநூல் நம் நூலகங்களில் இல்லாத ஒன்றன்று.

ஆனால் தொலைக்காட்சித் தொடர் கேன் அன்று. அது எப்படி, எங்கே, எந்த அவசரத்தில் தயாராகிறது என்பதை ஆய்வாளர் அறிந்திருந்தாலே பாதிச் சமன்பாடுகள் உதிர்ந்துவிடும். நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடரின் வீடு, படப்பிடிப்புத் தளத்தில் எழுப்பிய அரங்கம். பொதுவாக அதற்குக் கூரை இராது. இருக்க வேண்டிய இடத்தில் விளக்குகள் தொங்கும். கேமராவைக் கீழே வைத்து மேல்நோக்கித் திருப்பினால் நடிகரின் தலைக்குப் பின்னால் தெரியப்போவது விளக்குச் சட்டமும் கம்பிகளும். கேனில் தாழ்கோணம் சாத்தியமானதற்கு அரங்குகளின் மேல் துணிக்கூரை கட்டியதும் ஒரு காரணம். தினத்தொடருக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே முழுத் தாழ்கோணம் அங்கே இயல்பாகவே குறைவு. அந்தக் குறைவுக்கு ஆய்வாளர் 'அதிகார மறுப்பு' என்று பெயர் சூட்டுகிறார். மின்பணியாளர் கேட்டால் சிரிப்பார்.

உயர்கோணத்தின் கதை இதற்கு நேர்மாறு. ஜிம்மி ஜிப் என்னும் நீள்கரத்தின் நுனியில் கேமராவை ஏற்றி, வளைந்த மாடிப்படிகளும் சரவிளக்கும் கொண்ட கூடத்தின் மேலே மிதக்கவிடுவது இந்திக் குடும்பத் தொடர்களின் நெடுநாள் வழக்கம். திருமணம், பூசை, சொத்துத் தகராறு எதுவானாலும் காட்சி அங்கிருந்து தொடங்கும். அக்கோணம் குடும்பத்தினர் யாரையும் சிறுமைப்படுத்துவதில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் அருகில் யார் நிற்கிறார்கள், வீடு எவ்வளவு பெரிது என்பதைக் காட்டுகிறது. செல்வத்தின் விளம்பரம் அது. படிவமோ, கூடத்தில் நிற்கும் நாற்பது பேரையும் 'பலவீனம்' என்ற கட்டத்தில் அடைத்துவிடுகிறது.

இருவர் உரையாடும் காட்சிக்கு வருவோம். படப்பிடிப்புத் தளங்களில் 'சஜஷன்' என்று அழைக்கப்படும் தோள்மேல் காட்சியில், உயரமான நடிகரும் குள்ளமான நடிகையும் எதிரெதிரே நின்றால், அவள் தோளிலிருந்து பார்க்கும் கேமரா அவனை அண்ணாந்து பார்க்கும். அவன் தோளிலிருந்து பார்ப்பது அவளைக் குனிந்து பார்க்கும். ஆய்வாளர் ஆணுக்குத் தாழ்கோணம், பெண்ணுக்கு உயர்கோணம் என்று குறித்துக்கொள்கிறார். அடுத்த நாள் அதே நடிகையை ஆப்பிள் பாக்ஸின் மேல் நிறுத்திவிட்டால் வேறுபாடு மறைகிறது. படிவத்தின்படி ஆணாதிக்கம் அரை அடி மரப்பெட்டியால் ஒழிந்துவிடுகிறது. புராணத் தொடர்களில் தச்சரின் பங்கு இன்னும் வெளிப்படை. அரியணை படிகளின் மேல் இருக்கும். அவையில் நிற்பவரின் உயரத்தில் வைத்த கேமரா அரியணையை அண்ணாந்தே பார்க்கும். சூதாட்ட அவையில் எதையும் தடுக்க இயலாத, மகனுக்கு அஞ்சிய, பார்வையற்ற திருதராட்டிரன்தான் அந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறான் என்பது தச்சருக்கும் கேமராவுக்கும் ஒரு பொருட்டன்று.

இதற்கு எதிர்வாதமாகச் சோதனைகள் முன்வைக்கப்படும். அவற்றையும் முழுமையாகப் படித்துவிட்டு முன்வைப்பது நலம். 1973இல் மாண்டெல், ஷா ஆகியோர் செய்த சோதனையில் தாழ்கோணத்தில் எடுக்கப்பட்டவர் கூடுதல் ஆற்றலுடையவராக மதிப்பிடப்பட்டார். இதை எல்லா ஆய்வேடுகளும் மேற்கோள் காட்டுகின்றன. 1977இல் மெக்கெய்னும் இரு துணையாசிரியர்களும் வெளியிட்ட சோதனையில், திரையில் பேசுபவரை உயர்கோணத்தில் காட்டியபோது அவரது நம்பகத்தன்மை கூடியது. இதை மேற்கோள் காட்டுவோர் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஆற்றல் வேறு, நம்பகம் வேறு. செய்திப்படத்தில் தோன்றும் அரசியலர் வேறு, கேமராவை நோக்கிப் பேசுபவர் வேறு. சூழல் மாறினால் விளைவு மாறுகிறது என்பதே இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் செய்தி. மேலும், அறிமுகமில்லாத ஒருவரைச் சிறிது நேரம் காட்டிக் கேட்கும் சோதனையை, எட்டு ஆண்டுகள் அன்றாடம் வீட்டுக்குள் வந்துபோன துளசி விரானியின் மீது எந்த நியாயத்தில் ஏற்றுவது? 2000 முதல் 2008 வரை ஸ்டார் பிளஸில் ஓடிய அத்தொடரின் பார்வையாளர், ஒரு கோணத்தைக் காணும்போது அப்பாத்திரத்தைப் பற்றி ஆயிரம் மணிநேர அறிவோடு காண்கிறார்.

அப்படியானால் கோணம் எதுவுமே செய்வதில்லையா? செய்கிறது, மிகுதியாகவே. அது செய்வதைச் சொற்பொருளில் தேடுவதுதான் தவறு. தேட வேண்டிய இடம் இலக்கணத்தின் 'இடம்'. தமிழ் மரபு தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகியவற்றை 'மூவிடம்' என்று அழைத்தது. பேச்சில் பங்கேற்போரின் நிலையைக் குறிக்க, வெளியைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொண்டது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் இன்னும் ஒருபடி மேலே சென்று, வருதலும் தருதலும் தன்மை முன்னிலைக்குரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்குரியன என்று வகுக்கிறது. ஒருத்தி வாசலைக் கடக்கும் அதே நிகழ்வு, பேசுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து 'வந்தாள்' ஆகிறது, அல்லது 'போனாள்' ஆகிறது. கேமரா இடும் முதல் இலக்கணக் குறி இதுவே. அதன் உயரத்தைவிட, அது வாசலின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே பாத்திரத்தை நமக்கு உறவாக்குகிறது, அல்லது வேற்றாளாக்குகிறது.

இந்தித் தொடர்களில் புதுமணப்பெண் அரிசிக் கலசத்தைக் காலால் தள்ளிக் கணவன் வீட்டுக்குள் நுழையும் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளலாம். பெரும்பாலும் கேமரா வீட்டுக்குள்ளே, ஆரத்தித் தட்டோடு காத்திருக்கும் பெண்களின் பக்கம் நிற்கிறது. அவள் 'வருகிறாள்'. அவள் தோளுக்குப் பின்னிருந்து அந்த அறியாத கூடத்தை, தன்னை எடைபோடும் அத்தனை முகங்களையும் நீடித்துக் காட்டும் தொடர் அரிது. பார்வையாளர், அவருள் பெரும்பாலோர் ஒருநாள் அப்படி நுழைந்தவர்களே ஆயினும், வரவேற்கும் வீட்டாரின் நிரையில் நிறுத்தப்படுகிறார். இந்த நிறுத்தலில் செங்குத்துக் கோணம் எதுவும் இல்லை. கண்மட்டத்திலேயே எல்லாம் நடந்துவிடுகிறது. துளசியின் தொடர் தன் முகப்பிலேயே இதை நேர்த்தியாகச் செய்தது. துளசி கதவைத் திறந்து பார்வையாளரை உள்ளே அழைப்பாள். கேமரா அப்போது வெளியே நிற்கிறது. விருந்தினராக நுழைந்தவருக்கு வீட்டாரின் சண்டையில் கேள்வி கேட்கும் உரிமை எவ்வளவு என்பதை அந்த முகப்பு முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

இங்கே தமிழுக்கு வாய்த்த ஒரு வேறுபாடு கூர்மையான கருவியாகிறது. 'நாம்' கேட்பவரை உள்ளடக்கும், 'நாங்கள்' விலக்கும். இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றே. 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடரின் தலைப்பைத் தமிழில் பெயர்க்க முயன்றால் இச்சிக்கல் உடனே எழும்: நாம் என்பதா, நாங்கள் என்பதா? கதையைப் பார்க்கும்போது அது 'நாங்கள்'. ஒரு கீழ்நடுத்தரக் குடும்பம் தன் பாடுகளை நமக்குக் காட்டுகிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் தோன்றி, கேமராவை நேரே நோக்கிப் பார்வையாளரிடம் பேசுவார். அந்த நேர்நோக்கில் 'நாங்கள்' 'நாம்' ஆகிவிடும். அரசு குடும்பநலச் செய்தியை வீடுகளுக்குள் கொண்டுசேர்க்க அத்தொடரைப் பயன்படுத்திக்கொண்டது என்பதோடு சேர்த்துப் பார்த்தால், அந்த நேர்நோக்கின் கனம் விளங்கும். நம் படிவம் அசோக்குமாருக்கு என்ன குறி இடும்? கண்மட்டம், ஆகவே சமத்துவம். எப்படி வாழ வேண்டும் என்று நாட்டுக்கே அறிவுரை சொல்ல அமர்த்தப்பட்ட மூத்தவர், படிவத்தில் பார்வையாளரின் தோழராகிவிடுகிறார்.

1987 சனவரியில் தொடங்கிய ராமானந்த் சாகரின் 'ராமாயண்' இன்னொரு சான்று. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு, ஊதுவத்தி ஏற்றி மக்கள் பார்த்த தொடர் அது. ராமனின் முகத்தை நோக்கிக் கேமரா மெல்ல நெருங்கி, நேர்முகமாக, நெடுநேரம் நிற்கும். பார்வையாளர் அதைத் தரிசனமாக ஏற்றுக்கொண்டதைப் பிலிப் லட்கெண்டார்ஃப் விரிவாக எழுதியிருக்கிறார். தெய்வத்தன்மையைத் தந்தது நேர்முகமும் கால நீட்சியும். அதிகாரம் தாழ்கோணத்தில் இருக்கும் என்று நம்பி அங்கே தேடுபவர், இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றின் மிகப் பெரிய அதிகாரக் காட்சியைத் தவறவிட்டுவிடுவார்.

இதில் பணயமாக இருப்பது ஆய்வு முறையியல் மட்டுமன்று. குடும்பத் தொடரில் மருமகளுக்கு அறை விழுகிறது. அதன்பின் வருவது அனைவருக்கும் மனப்பாடம். இடியோசையோடு ஒவ்வோர் உறவினரின் முகத்துக்கும் கேமரா பாய்கிறது. ஒரே முகம் மூன்று முறைகூடத் திரும்ப வருகிறது. மாமனாரின் அதிர்ச்சி, நாத்தனாரின் புன்னகை, கணவனின் தயக்கம். வலி யாருக்கு நேர்ந்ததோ அவளிடமிருந்து அந்த நிகழ்வு பிடுங்கப்பட்டு, குடும்பத்துக்கு நேர்ந்த சங்கடமாக மாற்றப்படுகிறது. அவளுடைய கண்ணிலிருந்து அக்கூடம் எப்படித் தெரிகிறது என்பதை நாம் காண்பதில்லை. இந்த மாற்றத்தை நிகழ்த்துவது எதிர்வினைக் காட்சிகளின் பங்கீடு. அத்தனையும் கண்மட்டத்தில் எடுக்கப்பட்டவை. கோணத்தை எண்ணிய ஆய்வேடு இக்காட்சியைப் 'பாலினச் சமநிலை பேணப்படுகிறது' என்ற நிரலில் சேர்க்கிறது. தொடரின் மிகக் கொடிய நொடிக்கு ஆய்வாளரே நற்சான்று வழங்குகிறார்.

யார் முகம் காட்டப்படுகிறது என்பது வெறும் அழகியல் சிக்கல் அன்று என்பதற்குத் தொடர்களுக்கு வெளியிலிருந்து ஒரு சான்று உண்டு. 1986இல் டேனியல் லாசிட்டரும் ஆட்ரி இர்வினும், காவல் விசாரணை போன்ற ஒரே காட்சியை மூன்று கேமரா நிலைகளிலிருந்து பதிவு செய்து காட்டினார்கள்: குற்றம்சாட்டப்பட்டவரை மட்டும் நோக்கி, விசாரிப்பவரை மட்டும் நோக்கி, இருவரையும் பக்கவாட்டில் சமமாக. குற்றம்சாட்டப்பட்டவரை மட்டும் பார்த்தவர்களே, வாக்குமூலம் வற்புறுத்தலின்றித் தரப்பட்டது என்று கூடுதலாக நம்பினார்கள். பேசிய சொற்கள் மாறவில்லை. வற்புறுத்துபவர் சட்டகத்துக்கு வெளியே போனதும் வற்புறுத்தலும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. நியூசிலாந்துக் காவல்துறை இருவரையும் சமமாகக் காட்டும் முறையை ஏற்றுக்கொண்டதற்கு இத்தகைய ஆய்வுகள் துணைநின்றன. அறைந்த கையைவிட அறை வாங்கிய பின் நிகழும் குடும்ப நாடகத்தையே காட்டும் தொடருக்கும் இதற்கும் உள்ள உறவை விரித்துரைக்கத் தேவையில்லை.

பார்வையாளர்கள் கேமரா நிறுத்திய இடத்திலேயே நிற்பவர்கள் அல்லர் என்ற மறுப்பு எழும். அது சரியான மறுப்பு. பூர்ணிமா மன்கேகர் தில்லிக் குடும்பங்களிடையே செய்த களஆய்வில், 'மகாபாரத்' தொடரின் திரௌபதியைப் பெண்கள் தங்கள் பாதுகாப்பின்மையோடும் சினத்தோடும் இணைத்துப் பேசியதைப் பதிவு செய்தார். அவையோரின் நிரையில் நிறுத்தப்பட்டவர்கள் அங்கிருந்து எழுந்து திரௌபதியின் பக்கம் போய் நின்றார்கள். ஆனால் எங்கிருந்து எழுந்தார்கள் என்று தெரிந்தால்தான் எழுந்தது எதிர்ப்பு என்று புரியும். அந்தத் தொடக்கப் புள்ளியை விவரிப்பது காட்சியை ஆய்பவரின் கடமை. அதற்குக் கோண அட்டவணை உதவாது.

இப்போது இந்த எண்ணிக்கை வேலையை மென்பொருளிடம் ஒப்படைக்கும் ஆர்வமும் பரவிவருகிறது. ஐம்பது பகுதிகளைக் கையால் குறித்த இடத்தில் ஐயாயிரம் பகுதிகளை இயந்திரம் குறிக்கும். படிவம் மட்டும் மாறாது. மாற்றுவதும் அப்படியொன்றும் கடினமன்று: கேமரா யார் பக்கம் நிற்கிறது, யாருடைய பார்வைநிலைக் காட்சி கிடைக்கிறது, யாருடைய எதிர்வினை எத்தனை நொடி நீள்கிறது, யார் சட்டகத்துக்குள் இருந்தும் குவியத்துக்குள் வருவதில்லை. இவற்றையும் எண்ணலாம். விழுக்காடும் போடலாம்.

கடைசிக் கேள்வியை மட்டும் எந்தக் குடும்பத் தொடரிலும் உடனே சோதித்துப் பார்க்க முடியும். எல்லாப் பெரிய வீடுகளிலும் ஒரு வேலையாள் இருக்கிறார். தண்ணீர்த் தட்டோடு வருகிறார், வைக்கிறார், போகிறார். சொத்துத் தகராறின்போது தூணருகே நிற்கிறார். குடும்ப இரகசியம் அனைத்தும் அவர் காதில் விழுகிறது. இடியோசையோடு கேமரா எல்லா முகங்களையும் சுற்றிவரும்போது அவர் முகத்தைத் தாண்டிச் செல்கிறது. அவருக்கு அண்மைக் காட்சி இல்லை, பார்வைநிலைக் காட்சி இல்லை. பல தொடர்களில் முழுப் பெயர்கூட இல்லை. யாரும் அவரை உயர்கோணத்திலிருந்து குனிந்து பார்த்ததும் இல்லை. குறியீட்டுப் படிவத்தில் அவர் பெயருக்கு எதிரே, ஆண்டுக்கணக்கில், ஒரே பதிவு: கண்மட்டம், சமத்துவம்.